அக்காவின் வண்டியும் மெதுவா சொன்ன பொய்யும்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை எழுதுகிறவன் பொய் சொல்வதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இந்தப் பொய் நான் சொன்னதல்ல, எனக்காக இன்னொருவர் சொன்னது. சொன்னவர் ஒரு மெக்கானிக். நம்பியவள் என் அக்கா. தப்பித்தவன் நான்.

தப்பித்து நாளையோடு நாலு வாரம் ஆகிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அக்கா தன்னுடைய பழைய மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பப் போகிறாள். புதன்கிழமை அவளுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கிக்கர் பக்கமே கால் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வண்டிக்கோ பட்டன் எல்லாம் கிடையாது, உதைத்தால்தான் உண்டு. ஆக, நாளை அவள் உதைக்கப்போவது கடைசி உதை. (என்னை உதைப்பது இந்தக் கணக்கில் சேராது.)

அதற்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் "டீ போடட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கு இருக்கிற கொஞ்சநஞ்சத் தைரியமும் எழுத்தில்தான் வரும், அதனால் எழுதுகிறேன்.

2.

தொடக்கங்கள் மட்டும் ஐந்து எழுதி வைத்திருந்தேன். இரண்டைக் காட்டுகிறேன், மற்றவற்றைக் காட்ட எனக்கே வெட்கமாக இருக்கிறது.

*முதல் தொடக்கம்:* "ஷெட்டின் மூலையில் அந்த இன்ஜின், உறங்கும் மிருகத்தைப் போலத் தன் இரும்பு மூச்சை"

இதை மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு வால்வைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "இன்ஜின் தூங்காது சார். ஆஃப்ல இருக்கும்" என்றார். வாக்கியம் அங்கேயே நின்றுபோயிற்று.

*இரண்டாம் தொடக்கம்:* "முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு, நில அளவையாளராக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், அளவுச் சங்கிலியையும் கம்புகளையும் வண்டியின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு, யாரும் போகத் துணியாத"

இதில் எல்லாமே நிஜம். அக்கா அந்த வண்டியில்தான் வயல், குன்று, கல்லறைத் தோட்டம் என்று எல்லாவற்றையும் அளந்தாள். ஆனால் வாக்கியம் போகிற போக்கைப் பார்த்தால் நான் அக்காவுக்குச் சிலை வைக்கப் போவது போல இருக்கிறது. அவள் சிலைக்கு ஒத்துவரமாட்டாள். காலையில் பேப்பர் வரப் பத்து நிமிஷம் தாமதமானால் தெருவையே எழுப்பிவிடுகிற ஆள்.

வண்டி பதினோரு வருஷம் ஷெட்டில் நின்றது. கால் ஆபரேஷன் என்று பேச்சு வந்த அன்றே, "அதுக்குள்ள என் வண்டியை ஒரு தடவை நான் ஓட்டியாகணும்" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அடுத்த வாரமே வண்டி மெக்கானிக் கொட்டகையில் இருந்தது. கூடவே நானும் போய் நின்றேன். எனக்குக் கதைக்குச் சரக்கு வேண்டியிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்போதுதான்.

3.

மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத பாத்திரம் அவர்தான்.

எல்லோரும் அவரை "மெதுவா" என்றுதான் சொல்வார்கள். எதற்கும் அவர் வாயில் முதலில் வருகிற வார்த்தை அது. நட்டைக் கழற்றினால் மெதுவா, கவரைத் தூக்கினால் மெதுவா, யாராவது கோபமாகப் பேசினாலும் மெதுவா. என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கொட்டகையின் ஒரு பாதியில் அவர் ரிப்பேர் பார்க்க, தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி பெயிண்ட் அடிக்கிறார். டேங்கில் தங்கக் கோடு போட அந்த அம்மாள் மூச்சைப் பிடித்தால், கோடு முடிகிறவரை கொட்டகையில் யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது.

இப்படி நன்றாக இருக்கிற ஒரு குடும்பத்தை வைத்துக் கதை எழுதத் தெரியாமல், என் முதல் வடிவத்தில் அந்த மனைவியைச் சாகடித்துவிட்டேன். மெதுவாவின் நிதானத்துக்குப் பின்னால் ஒரு சோகம் இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று நினைத்தேன். அந்தத் தாள் எப்படியோ தடுப்பைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாள் அந்த அம்மாள் பிரஷ்ஷும் கையுமாக வந்து நின்று, "நான் என்ன நோவுல போனேண்ணா? அதையாவது எழுதியிருக்கலாம்ல?" என்று கேட்டார். மெதுவா சிரிப்பை அடக்க வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

[குறிப்பு: அவரை உடனே உயிர்ப்பித்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு இந்த வசதி ஒன்றுதான் இருக்கிறது.]

மெதுவாவுக்குச் சோகம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் நிதானமானவர், அவ்வளவுதான். எதைக் கழுவினாலும் கடைசியில் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பார். துணி வெள்ளையாக வெளியே வரவேண்டும், இல்லையென்றால் மறுபடி கழுவ வேண்டும். அவர் கொட்டகையில் பைபிள், கீதை எல்லாம் அந்தத் துணிதான்.

4.

இனி தப்பைப் பற்றி. (இந்தப் பகுதியை ஆறு முறை எழுதினேன். நான்கில் செயப்பாட்டு வினையாகவே வந்தது. "கழுவப்படாமல் போயிற்று" என்றெல்லாம். யாரால் என்று கேட்டால் பதில் இல்லை.)

இன்ஜினைப் பிரித்துப் போட்டபோது அதன் அடிப்பாகம் இரண்டு அலுமினியப் பாதிகளாக வந்தது. பதினோரு வருஷத்து ஈரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. அதைப் புதுசு போல ஆக்க, நுண்ணிய கண்ணாடி மணிகளை அழுத்தக் காற்றில் பீய்ச்சி அடிப்பார்கள். அடித்து முடித்தால் பால் போல ஒரு நிறம் வரும். ஆனால் அந்த மணித்தூள் சந்துபொந்து எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அலுமினியச் சுவருக்குள்ளேயே ஆயில் ஓடுகிற மெல்லிய துளைகள் உண்டு. அதில் தூள் தங்கினால் ஆயிலோடு போய் பேரிங்கை அரைத்துத் தின்றுவிடும்.

நானும் ஏதாவது செய்கிறேன் என்று அடம்பிடித்ததால், அந்தத் துளைகளைக் கழுவும் வேலையை மெதுவா எனக்குக் கொடுத்தார். மண்ணெண்ணெய், நீளமான பிரஷ், காற்றுக் குழாய். "மொத்தம் நாலு சார். மூணு கண்ணுக்குத் தெரியும். ஒண்ணு வளைஞ்சு போகும், இந்தத் திருகைக் கழட்டினாத்தான் வாயே தெரியும்" என்று தொட்டுக் காட்டினார். நான் நோட்டில் ஒழுங்காகக் குறித்துக்கொண்டேன்: "எண்ணெய் செல்லும் துளைகள் நான்கு. மூன்று நேர், ஒன்று வளைவு, அதன் வாயில் திருகு."

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து நோட்டைக் கதைக்கு ஏற்றபடி திருத்தினேன். அந்த வரி நொண்டியது. நேர், வளைவு, திருகு என்று தளர்ந்து தளர்ந்து போயிற்று. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "எண்ணெய்க்கு மூன்று துளைகள். மூன்றும் இருட்டு."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான்கு என்றால் இந்த ஓசை வராது. வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

மறுநாள் மெதுவா சிலிண்டரை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போயிருந்தார். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, மூன்று துளைகளைக் கழுவினேன். எதிரே அலுமினியம் இருக்கிறது, அதில் நான்காவது துளையின் திருகு இருக்கிறது. நான் என் வாக்கியத்தைப் பார்த்துக் கழுவினேன். உலகத்தில் எந்த மெக்கானிக்கும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான், எழுத்தாளன் ஒருத்தனால்தான் முடியும்.

மெதுவா வந்ததும் கேட்டார். "அந்தத் திருகையும் கழட்டினீங்கதானே சார்?"

நான் அப்போது அடுத்த வாக்கியத்தில் இருந்தேன். நிமிரவில்லை. "ம்" என்றேன்.

கதை முழுக்க நான் சொன்ன பொய் அந்த ஓர் எழுத்துதான். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் அந்த ஒரு துளைக்கு மட்டும் துணி விட்டுப் பார்க்கவில்லை. என் பேச்சை நம்பினார்.

5.

இன்ஜினைத் திரும்ப வண்டியில் மாட்டிய நாள், என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல நாட்களில் ஒன்று. பின்னால் என்ன நடந்திருந்தாலும் அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சிலிண்டருக்கு அந்த அம்மாள் உஷ்ணம் தாங்கும் கறுப்பு அடித்து, அடுப்பில் வைத்துச் சுட்டு எடுத்திருந்தார். பக்கத்து மூடிகள் முகம் பார்க்கிற மாதிரி பாலீஷ் ஆகியிருந்தன. இவ்வளவு கனமானதை எப்படித் தூக்கி வைப்பது என்று நான் கவலைப்பட்டபோது மெதுவா என்னை விநோதமாகப் பார்த்தார். இன்ஜினைத் தூக்கக் கூடாதாம். அதைப் பழைய மெத்தையில் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, வண்டியின் வெறும் சட்டத்தைத் தூக்கி அதன் மேல் இறக்க வேண்டுமாம். புதுப் பெயிண்ட் உரசாமல் இருக்கச் சட்டத்துக்கு டியூப் ரப்பரைச் சுற்றியிருந்தார். மெத்தை அக்கா வீட்டிலிருந்து வந்தது. அக்காவும் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "இடது பக்கம் ரெண்டு விரல்" என்று அளந்து சொன்னாள். சர்வேயர் புத்தி எங்கே போகும்? போல்ட்டுகளை எல்லாம் முதலில் தளர்வாக மாட்டி, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினார். கடைசி நட்டை அக்காவை இறுக்கச் சொல்லி ஸ்பேனரைக் கொடுத்தார்.

அக்கா உதைத்த மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. அக்காவின் முகம் அப்போது

(வேண்டாம். எழுத வராது.)

தெருமுனை வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். இரண்டாம் முறை திரும்பும்போது சத்தம் மாறியது. கல்லை அரைப்பது போல ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை, இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. அவள் கிளட்சைப் பிடித்துவிட்டாள், விழவில்லை. ஆனால் ஊன்றியது வலது கால். அந்த முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி வடிய ஒரு வாரம் ஆயிற்று.

மறுநாள் இன்ஜினைப் பிரித்தார்கள். பேரிங் முழுக்கக் கீறல். நான்காவது துளையின் திருகைக் கழற்றியதும் வெள்ளைத் தூள் பொலபொலவென்று மெதுவாவின் உள்ளங்கையில் கொட்டியது. அவர் என்னைப் பார்த்தார். அக்கா காலை நீட்டிப்போட்டு ஸ்டூலில் இருந்தாள். "யார் வேலை இது?" என்று கேட்டாள்.

"என் தப்புக்கா" என்றார் மெதுவா. "நான்தான் சரியா கழுவல."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, அவ்வளவுதான். அக்கா அவரை நன்றாகத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உங்களை நம்பினேன்" என்று மட்டும் சொன்னாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அவளுடைய பழைய ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் அவள் பேச்சைக் கேட்டு வண்டிகளை அங்கே விட்டிருந்தார்கள். அந்த வாரமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று அக்கா போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மெதுவாவிடம் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு அவங்க கஸ்டமர் சார். ஒரு கஸ்டமர் போனா இன்னொருத்தர் வருவாங்க. உங்களுக்கு அக்கா போனா, இன்னொரு அக்காவுக்கு எங்க போவீங்க?"

பிறகு, தானும் துணி விட்டுப் பார்க்கவில்லையே, அதுவும் தப்புதானே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சைலன்சர் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

6.

இவ்வளவு பெரிய மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன்? கதை எழுதினேன். அதிலும் அவர் சொன்ன பொய்யையே எழுதினேன். கவனமான ஒரு மெக்கானிக், ஒரே ஒரு நாள் மறதி, அதனால் ஒரு விபத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நன்றாகவே மறைத்திருப்பதாக நினைத்து அக்காவிடம் கொடுத்தேன். இருபது வருஷமாக என் கதைகளை முதலில் படிக்கிறவள் அவள்தான். பென்சிலோடு உட்காருவாள்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள். காலுக்கு அடியில் தலையணை, மடியில் தாள்கள்.

"துணி விட்டுப் பாக்காம ஒரு ஆணிகூட மாட்டாதவன்னு மூணாம் பக்கத்துல எழுதியிருக்க. ஏழாம் பக்கத்துல அவனே மறந்துட்டான்ங்கற. ரெண்டுல ஒண்ணு பொய்டா" என்றாள்.

மனிதர்களுக்கு மறதி வராதா என்று இழுத்தேன். பாத்திரத்தின் முரண்பாடு, அது இது என்று ஏதோ உளறினேன். அவள் பென்சிலால் ஏழாம் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

"இந்த இடத்துல இன்னொரு ஆள் இருக்கணும். அவனை நீ எழுதாம விட்டிருக்க."

அவள் கதையைப் பற்றித்தான் பேசினாளா, வேறு எதையுமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தாள். "டீ போடட்டுமாக்கா?" என்றேன்.

[நான் முன்னே சொன்ன மூன்றில் இது மூன்றாவது.]

7.

அந்த ஆளை இப்போது எழுதிவிட்டேன். மிச்சம் முடிவுதான். மூன்று யோசித்தேன்.

அ) நாளை வண்டி கிளம்பட்டும். அவள் ஒரு சுற்றுப் போய் வரட்டும். சந்தோஷமாக இருக்கிற நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம். இதை மெதுவாவின் மனைவியிடம் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரியும். "நல்ல மூடு பாத்துச் சொல்றதுக்கு நீங்க என்னண்ணா, ஸ்கூல் மார்க்கா காட்டறீங்க?" என்று கேட்டார். அந்த முடிவு செத்தது.

ஆ) சொல்லவே வேண்டாம். மெதுவாவுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களிடம் எதற்கு இதெல்லாம், ஏற்கெனவே ஆறிப்போன விஷயம் என்கிறார். ஆறவில்லை. இந்த நான்கு வாரத்தில் அவர் அந்த இன்ஜினை முதலிலிருந்து மறுபடி செய்தார். புது பேரிங், மறுபடி கடைந்த சிலிண்டர், மறுபடி மெத்தை, மறுபடி சட்டத்தை இறக்கினார். என்னைக் கழுவக் கூப்பிட்டார். ஆமாம், கூப்பிட்டார்! நான்காவதை நீங்களே கழுவுங்கள் சார் என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். கழுவினேன். துணி விட்டு இழுத்தேன். வெள்ளையாக வந்தது. அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அன்றைக்கு முழுசாகத் தெரிந்தது. இந்த நான்கு வாரத்திலும் அக்கா ஒருமுறைகூடக் கொட்டகைக்கு வரவில்லை. வண்டி எப்போது தயார் என்பதை என்னை விட்டுத்தான் கேட்டாள்.

இ) உதைப்பதற்கு முன்பே சொல்வது. எனக்குப் பயம் இதில்தான். அக்காவை எனக்குத் தெரியும். கோபம் வந்தால், "எனக்கு வண்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று எழுந்து போய்விடுவாள். அந்தக் கடைசி உதை அப்படியே போய்விடும். புதன்கிழமைக்குப் பிறகு அது திரும்ப வராது. என் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ள அவளுடைய ஒரே ஒரு காலை நேரத்தைக் கெடுக்கலாமா என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவள் அந்தக் கிக்கரில் கால் வைக்கும்போது, பக்கத்தில் நிற்கிற மனிதரைப் பொறுப்பில்லாதவர் என்று நினைத்துக்கொண்டு வைக்கக் கூடாது. அதையும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

அதனால் 'இ'. பயந்துகொண்டேதான் 'இ'.

வாசகர்களே, இந்தக் கதை அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால் அக்கா அதற்குச் சம்மதித்திருக்கிறாள் என்று அர்த்தம். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை நீங்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். எனக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படிச் சொல்வது? இனி வருவது உங்களுக்கானதும் அல்ல. படிக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்?

8.

அக்கா,

இதை நான் உன் கையில் கொடுக்கும்போது மணி எட்டரை இருக்கும். நீ கொட்டகையில், அந்த ஸ்டூலில் இருப்பாய். என்னடா இது, இப்போதா கதை என்று திட்டுவாய். படி.

இந்த மாதிரி ஓர் அக்காவும் இந்த மாதிரி ஒரு மனிதரும் ஒரே சமயத்தில் எனக்குக் கிடைத்ததற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லை. நீ வட்டம் போடவில்லை என்றால் இதையும் எழுதியிருக்கமாட்டேன்.

மெதுவா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். சார் கதை கட்டுகிறார், நம்பாதீர்கள் என்பார். அவரை ஏற்கெனவே ஒரு தடவை நம்பிவிட்டாய், இந்தத் தடவை என்னை நம்பு. நான்காவதைக் கழுவாமல் விட்டவன் நான். கேட்டதற்கு "ம்" சொன்னவன் நான். நீ விழப்பார்த்தது என்னால். நீ அவரிடம் பேசாமல் இருந்த இருபத்தெட்டு நாளும் எனக்கு வரவேண்டியவை. அவற்றை நாளையிலிருந்து எனக்குக் கொடு, ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம்.

இதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. உனக்கு எதிரே, வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பார். நீ படித்து முடித்துத் தலையை நிமிர்த்துவாய். அதற்குப் பிறகு நடப்பதை நான் எழுதப்போவதில்லை. என்னிடம் கேட்க உனக்கு நிறைய இருக்கும், எல்லாவற்றையும் பிறகு கேள்.

முதலில் அவரிடம் பேசு.